மிதிக்கட்டும்

கடைசி போல்ட்டை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள்.

சைக்கிளின் பின்சக்கரத்தைத் திருப்பிப் போட்டிருந்தாள். டிஸ்க் பிரேக்கின் தட்டு இருந்த இடத்தில் இப்போது ஒற்றைப் பல்சக்கரம். கியர்களெல்லாம் பழைய பக்கெட்டில் கிடந்தன. புருஷன் துடைத்துத் துடைத்து வைத்திருந்த கியர்கள்.

செயின் தொய்ந்தது. அச்சை அரத்தால் ராவி, ஒரு நூல் பின்னுக்குத் தள்ளினாள். விறைத்துக்கொண்டது.

இனி சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். ஏற்றமோ இறக்கமோ, கால் ஓய முடியாது.

ஏரிக்கரையில் வாடகை சைக்கிள்களைப் பழுது பார்ப்பது அவள் பிழைப்பு. இந்த மலை சைக்கிள் அவள் புருஷனுடையது. மூன்று மாதத்துக்கு முன் கோபித்துக்கொண்டு கீழ் பஜாரில் அக்கா வீட்டுக்குப் போனவன், நேற்று போனில் பேசினான். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறானாம்.

வண்டியை.

எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தினமும் காலையில் வேலை தேடப் போகிறேன் என்று கிளம்புவான். இறக்கம் முழுக்கக் காலை அசைக்காமல் உட்கார்ந்தே போவான். டிக் டிக் டிக் என்று சக்கரம் மட்டும் ஓடும். அந்தச் சத்தம் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும். சாயங்காலம் வண்டியை யாருடைய ஜீப்பிலாவது ஏற்றிக்கொண்டு திரும்புவான்.

ஏழு வருடம் அவள் மிதித்தாள். அவன் உருண்டான்.

முன் பிரேக்கை மட்டும் அவள் கழற்றவில்லை.

அவன் சாகக் கூடாது. மிதிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னடி ஜெயசீலி, என்ன பண்ணி வச்சிருக்க?"

"மிதிச்சா போகும்."

வீறாப்பாக ஏறினான். வாசலைத் தாண்டவில்லை. பழக்கதோஷத்தில் காலை நிறுத்தினான். பெடல் நிற்கவில்லை. அவனைத் தூக்கிப் பேரிக்காய் மரத்தின் மேல் சாய்த்தது.

அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

இறங்கித் தள்ளிப் பார்த்தான். சுற்றி வந்த பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. நொண்டினான். இன்னொரு முறை அடித்தது.

வண்டியைத் தரையில் போட்டான்.

"பேரீச்சம்பழத்துக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான். நீயே வச்சுக்க."

கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, இறக்கத்தில் நடந்து போனான். விசிலடித்துக்கொண்டு.

இதிலிருந்தும் மிதிக்காமலே தப்பித்துக்கொண்டான்.

இத்தனை வேலையும் வீண்.

அவள் வண்டியை நிமிர்த்தினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஏறினாள்.

இறக்கம் பிடித்து இழுத்தது. பெடல்கள் அவள் கால்களைத் தூக்கித் தூக்கிப் போட்டன. தொடை எரிந்தது. இந்த எரிச்சல் அவளுக்குப் புதிதில்லை.

இரண்டாவது வளைவில் அவன் போய்க்கொண்டிருந்தான். தோளை உரசுகிற மாதிரி அவனைக் கடந்தாள்.

விசில் நின்றது.

"ஏய் ஜெயசீலி. நில்லுடி."

பின்னால் செருப்புகள் தடதடத்தன. வண்டிக்காகவா, அவளுக்காகவா, தெரியவில்லை. தடதடப்பு நெருங்கியது. மூச்சிரைப்புகூடக் கேட்டது.

அவன் ஓடி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்போதும் பார்க்கவில்லை.