முதல் ஆபத்து

தேயிலைக் கம்பெனி முதலாளி பிரதாப்பின் அறையில் நாலு சுவரிலும் தானே சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அழகம்மாவுக்குத் தைரியம் வந்தது. நெற்றியில் கூடைக் கயிறு, கையில் கொழுந்து, பின்னால் பனிமூட்டம். தரையில் அடுக்கியிருந்த தேயிலைப் பெட்டிகளிலும் அதே சிரிப்புதான்.

மூன்று வருஷத்துக்கு முன் பிரதாப் மலைக்கே வந்து அவளைப் படம் எடுத்தபோதே மேல்வரிசையில் அவளுக்கு முன்பல் ஒன்று கிடையாது. பெட்டிப் படத்தில் எல்லாப் பற்களும் இருந்தன. அச்சடிக்கிற இடத்தில் ஒட்டவைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த அந்தக் கம்பெனிக்குக் கடை கிடையாது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள் இணையத்தில் சந்தா கட்டினால், மாதாமாதம் ஒரு பெட்டித் தேயிலை வீடு தேடிப் போகும். படத்தில் இருக்கும் அம்மா குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கூரை போட இந்தச் சந்தாவில் ஒரு பங்கு போகிறது என்று பெட்டிக்குள் ஒரு சீட்டும் இருக்கும்.

தேயிலை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கூரைதான் வந்து சேரவில்லை. போன வாரத்து மழையில் மருமகள் கைக்குழந்தையை மேசைக்கு அடியில் படுக்கவைத்திருந்தாள்.

கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கும் சுலக்ஷனா அதே லயத்துப் பெண். அவள்தான் முந்தாநாள் வந்து விஷயத்தைச் சொன்னாள். பேங்கில் கடன் கேட்பதற்காக, கம்பெனிக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று பிரதாப் எழுதிய தாள் ஒன்று அலுமாரியில் கிடந்ததாம்.

"தபால் பிந்துறது, கார்டுல காசு எடுபடாமப் போறது, டொலர் ஏறி எறங்குறது எல்லாம் கீழதான் இருக்கு பெரியம்மா. மொதல்ல உங்க பேருதான். நீங்க வெலகினா பாதிப் பேரு சந்தாவ நிப்பாட்டிருவாங்கன்னு போட்டிருக்கு."

அழகம்மா அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். தன்னால் ஒருவருக்கு ஆபத்து வர முடியும் என்று அவள் பிறந்ததிலிருந்து நினைத்ததில்லை.

இன்று வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவில்லை. கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு அக்கரப்பத்தனையிலிருந்து முதல் பஸ் ஏறினாள். சார் என்று கூப்பிடக் கூடாது, தம்பி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வரும்போதே முடிவுசெய்திருந்தாள்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்க வந்தேன்."

"சொல்லுங்கம்மா. டீ குடிச்சீங்களா?" பிரதாப் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டீ கெடக்கட்டும். பெரிய மழைக்கு முன்னால எங்க லயத்துக்குத் தகரம் வரணும். பன்னெண்டு குடும்பத்துக் காம்பராவுக்கும் வரணும். இல்லாட்டி நான் வெலகிக்கிறேன்."

இப்போது அவன் நிமிர்ந்து பார்த்தான். "வெலகிக்கிறீங்களா?"

"ஆமா. எம் மூஞ்சி இல்லாட்டி உங்க யாவாரம் நடக்காது. எனக்குத் தெரியும் தம்பி."

கெஞ்சுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவன் மேசை லாச்சியைத் திறந்து, அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான். சொந்த விருப்பத்தில் விலகுவதாகவும் இனிமேல் கம்பெனியிடம் எதுவும் கேட்க மாட்டேன் என்றும் அதில் இருந்தது.

அழகம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பின்வாங்க மனசு வரவில்லை. படி இறங்குவதற்குள் எப்படியும் ஓடிவந்து கூப்பிடுவான். கையெழுத்தைப் போட்டாள்.

"அந்தப் பேப்பரப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கீங்க போல." அவன் குரலில் கோபம்கூட இல்லை. "அது போன வருசம் எழுதினதும்மா. ஆபத்துன்னு எழுதிக் குடுத்தா, அதுக்கு என்ன வழி பண்ணீங்கன்னு பேங்க்ல கேப்பாங்கல்ல."

அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எழுந்து நின்று சுவரைக் காட்டினாள்.

"அப்ப என் படம் எல்லாத்தையும் கழட்டுங்க. பெட்டியில இருக்கிறதையும் கிழிங்க. அதப் பாத்துட்டுத்தான் நான் போவேன்."

பிரதாப் தாளை மடித்து லாச்சிக்குள் வைத்தான்.

"உங்க படத்தையெல்லாம் தைப்பொங்கலுக்கே கழட்டியாச்சு. இது கம்ப்யூட்டர்ல செஞ்ச மொகம். இது நீங்க இல்லம்மா."