முப்பது அடி

பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் மகள்.

0.02.

ஆம்பியர் கணக்கில் இது கொசு குடிக்கிற அளவு. இதனால் எந்த பேட்டரியும் சாகாது.

ஆனால் செத்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் சமர்த்தாகக் கிளம்பும். மறுநாள் சாவியைத் திருப்பினால் கல்லாட்டம் கிடக்கும். கிக்கர் இல்லாத வண்டி. தள்ளிக் கிளப்ப அம்மாவின் உடம்பில் தெம்பு கிடையாது.

மாலை ஆறு மணிக்கு அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நிற்க வேண்டும். இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"உன் வண்டியில பாட்டு கேக்குற பூதம் ஒண்ணு உக்காந்திருக்கு பாப்பா. ஹேண்டில்ல மாட்டியிருக்கிற அந்த ஸ்பீக்கர் செட்டு மேலதான் எனக்கு சந்தேகம். ஆனா அது முழுசா ஓடினாலும் பேட்டரி காலியாக அஞ்சாறு மணி நேரமாகும். என் கடையில நிறுத்தினா நல்ல பிள்ளையாட்டம் இருக்கு. வீட்ல நிக்கும்போது நீயே புடி." மெக்கானிக் அண்ணன் மீட்டரை இரவல் கொடுத்து அனுப்பியிருந்தார்.

மதியம் மூன்று மணி. கட்டடத்தின் தரைத்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒற்றை டியூப் லைட். கம்பித் தடுப்புக்கு அப்பால் வெயில், ஒரு மரம், நின்றுபோன லாரி.

ஊர் மாறி வந்து நாலு மாதம். வீடு எங்கே என்று பள்ளியில் யாரிடமும் அவள் சொன்னதில்லை. மூச்சு விடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. தாய்மாமாவுக்குக்கூடப் புது நம்பர் தெரியாது. வீடு எங்கே என்று சொல்லாத பெண்ணோடு எத்தனை நாள்தான் ஒருத்தி ஒட்டிக்கொண்டிருப்பாள்? பக்கத்து பெஞ்சுக்காரி பத்தே நாளில் இடம் மாறிவிட்டாள்.

அதனால் மீட்டரோடுதான் பேச்சு. "வாயத் திறயேன்டா."

ஹெட்லைட் ஃபியூஸைப் பிடுங்கினாள். 0.02. ஹாரன். 0.02. இண்டிகேட்டர். அதே கொசு.

ஒவ்வொன்றையும் பழையபடி சொருகிவிட்டு, சலித்துப்போய்ச் சுவரில் சாய்ந்தாள்.

0.70.

அவள் எதையும் தொடவில்லை. எண் தானாகத் தாவியிருந்தது.

ஸ்பீக்கர் ஃபியூஸைப் பிடுங்கினாள். எண் அடியோடு விழுந்தது. திரும்பச் சொருகினாள். ஹேண்டில்பாரில் சின்ன நீல விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு, நிலையாக நின்று எரிந்தது.

0.70.

மாட்டிக்கிட்டியா! தனியாக உட்கார்ந்து சிரித்தாள். நாலு மாதத்தில் அவள் கைக்கு வந்த முதல் வெற்றி.

படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னங்க மெக்கானிக்கம்மா, பூதம் சிக்குச்சா? இல்ல, இன்னிக்கும் நான் றெக்க கட்டிக்கிட்டுதான் போகணுமா?"

தூக்கக் கலக்கமும் சிரிப்புமாக வந்தவள், அந்த விளக்கைப் பார்த்தாள். கடைசிப் படியிலேயே கால் நின்றது.

கையை நீட்டி டியூப் லைட்டை அணைத்தாள்.

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த செட்டுக்குத் தெரிந்தது ஒரே ஒரு போன். வாங்கிப் பொருத்திய அன்றே அப்பா தன் போனை மட்டும் புளூடூத்தில் அதோடு சேர்த்துவைத்தார். வேறு எவரும் அதைத் தொடக் கூடாது. அந்த போன் முப்பது அடிக்குள் வந்தால் செட்டு தானாக விழித்துக்கொள்ளும், விளக்கு நின்று எரியும். விலகிப் போனால் அணைந்துவிடும்.

பழைய வீட்டில் வண்டி வாசலில் நிற்கும். அப்பா குடிக்க நடந்தே போவார். நீல விளக்கு எரிந்தால் அவர் தெருமுனை திரும்பிவிட்டார் என்று அர்த்தம். அம்மா டிவியை அணைப்பாள். மகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பாள். அதற்குள் கதவு இடிபடும்.

இங்கே எந்தக் கதவும் இடிபடவில்லை.

கம்பிகளுக்கு அப்பால் வெயில் அசையாமல் கிடந்தது. மரத்தடியில் யாருமில்லை. லாரிக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை.

அம்மா அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். வெறும் காற்றாக வந்தது குரல்.

"இந்த மாசம் எத்தன தடவடி பேட்டரி செத்துச்சு?"

மகள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.