கோப்பை மூடிய பிறகு

இயக்குநரின் அறை பூட்டியிருந்தது. கதவுக்கு வெளியே கிடந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். மூன்று வாரத்தில் இது மூன்றாவது முறை.

விண்ணப்பம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மணி மூன்றே முக்கால்.

ஆராய்ச்சித் திட்டம் இருபத்திரண்டு பக்கம் தயார். செலவுப் பட்டியல் தயார். மாதிரிக் கேள்வித்தாளும் தயார். இல்லாதது ஒன்றுதான். ‘இந்த ஆய்வுக்கு எங்கள் நிறுவனம் துணை நிற்கும்’ என்று அரைப் பக்கக் கடிதம், அதன் கீழே இயக்குநரின் கையெழுத்து. அது இல்லையென்றால் நிதி தருகிறவர்கள் முதல் பக்கத்தைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் அது. அவள் அங்கே சமூகப் பணியாளர். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

நோயாளி இறந்தால் அன்றைக்கே அவருடைய கோப்பை மூடிவிடுவார்கள். மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை.

ஆனால் அந்த வீட்டில் இன்னொருவர் இருப்பார். இத்தனை வருடம் தூக்கி, துடைத்து, ஊட்டிப் பார்த்துக்கொண்டவர். அவர் அப்புறம் என்ன ஆகிறார்?

அவள் கேட்க நினைத்தது அவ்வளவுதான்.

அவள் வீட்டில் அம்மா போன பிறகு, கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அக்கா ஆறு மாதம் வரைக்கும், மாத்திரை நேரம் வந்தால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். எதற்கு எழுந்தோம் என்று விளங்காமல் மறுபடி உட்காருவாள்.

அலுவலகத்தில் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. காது கொடுக்கவும் இல்லை. மதியச் சாப்பாட்டில் அவள் பேச்சை எடுத்தால் டிபன் டப்பாக்கள் சீக்கிரம் மூடிக்கொண்டன. இருக்கிறவர்களைப் பார்க்கவே ஆள் இல்லை என்றார் தலைமைச் செவிலியர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே என்று கணக்கர் சிரித்தார்.

அந்தப் பூசாரி காலையில் எல்லோருக்கும் முன்னால் வருவார். எல்லோரும் போன பிறகு போவார். தன்னைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். விண்ணப்பத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னதோடு சரி, கிணற்றில் போட்ட கல். போன வாரம் நினைவூட்டப் போனபோது அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான்கு அடித்துப் பத்து நிமிடம். லிஃப்ட் திறந்தது. கூட்டம் முடிந்து, கக்கத்தில் ஃபைலோடு அவர் வந்தார்.

பணிவாகப் பேச வேண்டும் என்று அவள் காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"சார், இன்னிக்குத்தான் கடைசி நாள். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

அவர் பூட்டைத் திறந்தார். மேசை இழுப்பறையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"போன வாரமே எழுதி வச்சுட்டேம்மா. குடுக்கத்தான்..."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு வாரமாக இழுப்பறையில்! படி இறங்கும்போது அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

கடிதத்தை எடுத்து ஸ்கேன் செய்தாள். அரைப் பக்கம் கேட்ட இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். படிக்க நேரமில்லை. நான்கு ஐம்பத்திரண்டுக்கு, விண்ணப்பம் கிடைத்தது என்று திரை சொன்னது.

அவள் தலை நிமிர்த்தினாள். சொல்ல ஆளில்லை. எதிர் நாற்காலிக்காரர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். அவருடைய மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை நிறுத்தினாள்.

கடிதத்தைத் திரும்ப உறைக்குள் வைக்கப் போனபோது அடியில் இன்னொரு தாள் தட்டுப்பட்டது.

அவர் பார்வைக்காக அவள் இணைத்திருந்த மாதிரிக் கேள்வித்தாள். ஒவ்வொரு கோட்டிலும் நீல மையில் பதில் இருந்தது.

யாரைப் பார்த்துக்கொண்டீர்கள்?

மனைவியை.

எவ்வளவு காலம்?

ஒன்பது வருடம், நான்கு மாதம்.

எப்போது முடிந்தது?

அவள் இங்கே வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு மாதம் முந்தைய ஒரு தேதி.

அவரைப் பார்த்துக்கொண்ட அந்த நேரத்தில் இப்போது என்ன செய்கிறீர்கள்?

அலுவலகத்தில் இருக்கிறேன்.

கடைசிக் கேள்வியை அவள் படியேறிக்கொண்டே படித்தாள். அதன் பிறகு உங்களைப் பற்றி யாராவது கேட்டார்களா?

அவர் எதையோ எழுதி, அடித்து, பக்கத்தில் மறுபடி எழுதியிருந்தார்.

இந்தத் தாள் கேட்டது.