போனுக்குள் நின்ற மீன்

காலையில் வீட்டுக்காரர் தொட்டிக்கு எதிரே வந்ததும் தங்கமீன் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்தது. தினமும் அப்போதுதான் தீனி விழும்.

இன்று விழவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்தார், குமிழி விடும் மோட்டாரை நிறுத்தினார், தொட்டி விளக்கை மட்டும் விட்டு அறை விளக்கை அணைத்துவிட்டுப் போனை நீட்டினார்.

"கிட்ட வராதடி, மங்கலா விழுது."

தங்கமீனுக்கு ஒன்றும் புரியவில்லை. "கிட்ட வந்தாத்தானே போடுவாரு?" என்று தொட்டிக்குள் ஊர்ந்துகொண்டிருந்த நத்தையிடம் கேட்டது.

"தள்ளிப் போய்த்தான் பாரேன்" என்றது நத்தை.

தங்கமீன் செடியோரம் போய், துடுப்பை விரித்தபடி திகைத்து நின்றது. போன் 'க்ளிக்' என்றது.

"என் ராசாத்தி" என்று போனைத் திருப்பிக் காட்டினார். அதற்குள்ளும் ஒரு தங்கமீன், பளபளவென்று. அதையே பார்த்துச் சிரித்தபடி அவர் எழுந்து போய்விட்டார். தீனி டப்பா திறக்கப்படவே இல்லை.

"அவ யாரு? என் சாப்பாடு அவளுக்குப் போயிடுச்சா?"

"தெரியல" என்றது நத்தை. "ஆனா அவ வாயைத் திறக்கவே இல்ல, பாத்தியா?"

மறுநாள் காலை தங்கமீன் செடியோரமே வாயை மூடிக்கொண்டு, துடுப்பை விரித்து, அசையாமல் நின்றது.

டப்பாவைத் திறந்த வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னிக்கு இவளுக்குப் பசியில்ல போலிருக்கு" என்று மூடி வைத்தார்.