யார் கைப்பால்?

"அம்மைப்பால் வெக்கறது அப்பறம் இருக்கட்டும். யாரு கைப்பால்னு மொதல்ல சொல்லுய்யா!"

பொன்னியம்மாள் போட்ட சத்தத்தில் உள்ளே பாடமே நின்றுபோனது.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்கள் நடத்திய இலவசப் பள்ளிக்கூடம் அது. கையில் அம்மைப்பால் வைத்த தழும்பு இல்லாத பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. துரையின் உத்தரவு. போன வாரம் குத்திக்கொண்ட பிள்ளையின் கைக் கொப்புளத்தில் கசியும் பாலை ஊசிமுனையில் தொட்டு, இந்த வாரம் வருகிற பிள்ளையின் கையில் கீறி வைப்பார்கள். அப்படியே கைக்குக் கை போய்க்கொண்டிருக்கும். அதற்கென்றே இருந்தவர் சந்தியாகு.

"யாரு கையா இருந்தா இன்னாம்மா? எல்லாம் ஒரே பால்தான்" என்றார் அவர்.

"அது எப்படி ஒண்ணாவும்? தாய்ப்பால்ல கொணம் எறங்கல? அதே மாதிரிதான் இதுவும். சோம்பேறி கைப்பால வெச்சா எம் புள்ளையும் குந்துன எடத்துலயே குந்திக்கினு இருப்பான்."

சந்தியாகு அவள் புருஷன் நீலமேகத்தைப் பார்த்தார். நீலமேகம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றபடி அவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

"ஜல்தி ஆவட்டும் பொன்னி. பேரு எழுதறது இன்னிக்கோட சரியாம்" என்று கெஞ்சினான்.

"எழுதலேன்னா போவுது. எங்கண்ணன் வூட்ல வுட்டு வெச்சா அனுப்பம்பட்டு வாத்தியாருகிட்ட படிச்சுக்கினு போறான். அவரு ஊசியும் கேக்க மாட்டாரு, பாசியும் கேக்க மாட்டாரு."

நீலமேகத்துக்கு அதில் இஷ்டமில்லை. அனுப்பம்பட்டுக்கு அனுப்பினால் அறுவடைக்கு ஒருதரம், பொங்கலுக்கு ஒருதரம்தான் பிள்ளையைப் பார்க்க முடியும். ஏரியிலிருந்து திரும்பியதும் மகன் மாரியைத் தோளில் தூக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. இந்தப் பள்ளிக்கூடம் என்றால் காலையில் படகில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

"போன கோடையில அம்மை வந்து குப்பத்துல எத்தினி புள்ளைங்கள வாரிக்கினு போச்சு! அத நெனச்சுப் பாரு" என்றான்.

பொன்னியம்மாள், புதுத் துண்டைப் போர்த்திக்கொண்டு தன் முந்தானையைப் பிடித்து நின்ற மாரியின் தலையைத் தடவினாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது.

"சரி. வெச்சுக்கறோம். ஆனா, யாரு கைப்பால்னு நாந்தான் பாத்து சொல்லுவேன்."

சந்தியாகு பெருமூச்சு விட்டார். போன வாரம் குத்திக்கொண்ட பிள்ளைகளை வெளியே கூப்பிட்டு நிறுத்தினார். மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொருவனையும் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள் பொன்னியம்மாள்.

"இது கஸ்தூரியம்மா பேரன்தானே? அழுவுன மீன அடியில வெச்சுக் கூறு போடறவ அவ. வாணாம்!"

அடுத்தவன் அவள் தொடுவதற்கு முன்னாலேயே அழுதான். "அய்ய, இது வாணாம். காலம்பூரா மூக்கைச் சிந்திக்கினே இருக்கணும்."

மூன்றாமவன் நின்றபடியே கொட்டாவி விட்டான். அவனுக்கு அவள் ஒரு வார்த்தைகூடச் செலவு செய்யவில்லை.

கடைசியில் நின்றவன் ஜான். அழுதுகொண்டிருந்த பையனின் மூக்கைத் தன் துணியால் துடைத்துவிட்டு, "பால் எடுத்தா வலிக்காதுடா, எறும்பு கடிச்சாப்பல இருக்கும், அவ்ளோதான்" என்று தேற்றிக்கொண்டிருந்தான். பொன்னியம்மாளைப் பார்த்ததும் கை குவித்து வணக்கம் சொன்னான். மாரியைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். மாரி சட்டென்று முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

பொன்னியம்மாள் அப்படியே உருகிப்போனாள்.

"இன்னா மரியாத! இன்னா எரக்கம்! முன்னப் பின்ன தெரியாத எம் புள்ளையப் பாத்து எப்பிடி சிரிக்குது பாரு! என் கண்ணே பட்டுடும் போலருக்கே. இந்தப் புள்ள கைப்பால்தான் வேணும், வையிய்யா!"

"நல்லதாப் போச்சு" என்று சந்தியாகு அவசரமாக ஊசியை எடுத்தார்.

"இரு, இரு! இவன் கைக்கு யாரு கைப்பால் வந்துச்சு? இப்பேர்ப்பட்ட கொணம் சும்மா வருமா?"

சந்தியாகுவுக்கு இருமல் வந்துவிட்டது. நீலமேகம் வேட்டி நுனியால் முகத்து வேர்வையைத் துடைத்தான்.

"அது எதுக்கும்மா இப்போ?"

"எதுக்கா? தங்கமான புள்ள கையா இருந்தாதான் இவனும் தங்கமா ஆயிருப்பான். அந்தப் புள்ளையப் பெத்த மவராசி யாருன்னு சொல்லு, அவ கால்ல வுழுந்து கும்புட்டுட்டே போறேன். நீயாவது சொல்லு ராசா, யாரு கைப்பால் உனுக்கு?"

பெரியவர்கள் இரண்டு பேரும் வாயைத் திறப்பதற்குள் ஜான் கையை நீட்டி, அவள் முந்தானைக்குள் ஒளிந்திருந்த மாரியைக் காட்டினான்.

"இதோ, இவன் கைதான்! போன வாரம் பால் எடுக்க இவங்க நைனா தூக்கிக்கினு வந்தாரு."

பொன்னியம்மாள் வெடுக்கென்று மாரியின் துண்டை விலக்கி, மேல்கையில் காய்ந்துகொண்டிருந்த பொருக்கைப் பார்த்தாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ்! கெளுத்தி முள்ளு குத்திடுச்சுன்னு சொல்லி, எங்கையாலயே மஞ்ச அரச்சுப் போட வெச்சது இதுக்குத்தானாய்யா?"