சீட்டின் முதுகு

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த காய்ந்த பூவின் காம்பில் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது.

“உன்னைக் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டு அறிஞர். என் மேல் எழுதியிருக்கிறது, பார்!” என்று சீட்டு பீற்றிக்கொண்டது.

“பொய். அவர் கப்பலை விட்டே இறங்கவில்லை. பெண்களை ஏற்றமாட்டார்கள் என்று ஆண் உடையில் அவருக்கு உதவியாளாக வந்த மர்கோதான் மலையேறி என்னைக் கண்டுபிடித்தாள்.”

“அப்படியொரு பெயரே இங்கே இல்லையே!”

“அவள் உன் முதுகில் இருக்கிறாள். பசை தடவி உன்னை ஒட்டியதும் அவள்தான். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது.”

“என் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்? நீ அசைந்தாலே உதிர்ந்துவிடுவாய்.”

“உதிர்ந்தால் உதிர்கிறேன்!”

பூ ஒரே தள்ளு தள்ளியது. இரண்டு இதழ்கள் உதிர்ந்தன. காய்ந்த பசை விட்டுப்போய், சீட்டு குப்புற விழுந்தது.

“ஐயோ, என்னைத் திருப்பிப் போடு!”

“இருநூறு வருஷமாக எல்லாரும் உன் மூஞ்சியைப் பார்த்தாயிற்று. கிட அப்படியே!”