தேயாத கிளட்ச்

‘விக்கிறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு இவருக்குத் தோணவே இல்லையே.’

காப்பித் தண்ணீர் கொதித்து முடிகிற வரை யோகலட்சுமிக்கு இதே நினைப்புதான்.

அடுப்படி சன்னல் வழியே பார்த்தாள். இடைசெவல் வெயிலில் மஞ்சள் போர்டு போட்ட வெள்ளைக் குவாலிஸ் நின்றது. பக்கத்தில் அவள் கணவர் கண்ணபிரான். எதிரே, வண்டி வாங்க வந்திருக்கும் அய்யாத்துரை அண்ணாச்சி. தூத்துக்குடியில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். அவர் கூட்டி வந்த மெக்கானிக் செண்பகராஜ் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

கோவில்பட்டியிலேயே இரண்டு பேர் இந்த வண்டியைக் கேட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய் எதற்கு ஆள் பிடித்தார் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் புதூரில் ஒரு விசேஷம். பந்தியில் கண்ணபிரானின் அக்கா புருஷன் எல்லார் காதிலும் விழும்படி ஒரு பேச்சுப் பேசிவிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்த மனுஷன், அன்றிலிருந்து வண்டியை விற்று உரக்கடை வைப்போம் என்றே நிற்கிறார்.

ஆனால் வண்டி அவள் பேரில் இருந்தது. ‘உமக்கு இரும்பு ஆகாது’ என்று ஜோசியர் கண்ணபிரானிடம் சொன்னதால், 2001-இல் கிடை ஆட்டில் பாதியை விற்று, அவள் நகையையும் சேர்த்துப் போட்டு, அவள் பேரிலேயே வாங்கினார்கள். அவள் கையெழுத்து இல்லாமல் அது கைமாறாது.

வெளியே கண்ணபிரான் அளந்துகொண்டிருந்தார்.

“இந்த டொயோட்டாக்காரன் மொதல்ல தறி செஞ்சவன் அண்ணாச்சி. நூல் அறுந்தா தானா நின்னுக்கிடுத தறி. பொறவுதான் காருக்கு வந்தான். பேப்பர்ல போட்டிருந்துச்சு.”

“அப்போ நம்ம ஆளுதான். எங்க தாத்தா பருத்தி யாவாரம், அப்பா தீப்பெட்டி ஆபீஸ், நான் டிராவல்ஸ்.” அண்ணாச்சி சிரித்தார். “ஆனா தம்பி, பாக்க ரொட்டிப் பெட்டி மாதிரில்லா இருக்கு. கடைசி சீட்டுல உக்காந்தா முட்டி தாடையில இடிக்கும்.”

“அழகப் பாத்தா ஆச்சா? கரிசக்காட்டுல மழை பேஞ்சு பாத்திருக்கீங்களா? டிராக்டரே கெடந்துரும். இது வந்துரும்.”

“அது வாஸ்தவம். நல்லா ஓடுத வண்டிய நிப்பாட்டிட்டு இன்னோவான்னு ஒண்ணு விட்டுட்டான். அதான் பழசத் தேடி அலையுதேன்.”

‘மழையப் பத்தி இவரா பேசுறது?’ டிராக்டர் சிக்கிக் கிடந்த அன்று அவர் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். வண்டிக்குள் இருந்தவள் அவள்.

செண்பகராஜ் ஊர்ந்து வெளியே வந்தான்.

“அண்ணாச்சி, லட்சத்து அறுபதாயிரம் ஓடியிருக்கு. கிளட்ச் பிளேட்டு இன்னும் கம்பெனில போட்டதுதான்!”

“மாத்தியிருப்பாங்கலே.”

“இல்லங்கேன். போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. ஓட்டுன ஆளு சாமானியம் இல்ல அண்ணாச்சி. கிளட்ச்சுல கால ஊனிக்கிட்டே போற பழக்கம் இல்ல. பள்ளம் வாரதுக்கு முன்னாலயே வேகத்தக் கொறைக்கிற கை. டயரு நாலும் ஒண்ணுபோல தேஞ்சிருக்கு. இது கோவக்காரன் கையில இருந்த வண்டி இல்ல.”

“ஏலே, உன்னைய வண்டி பாக்கக் கூட்டியாந்தேனா, சாதகம் பாக்கவா?”

காப்பித் தட்டோடு வந்த யோகலட்சுமிக்கு முகம் சூடேறியது. ஒரு மனுஷ சுபாவத்தை இவ்வளவு நுணுக்கமாக ஒருவர் சொல்லி அவள் கேட்டதில்லை. தட்டை ஏந்தியபடி அங்கேயே நின்றுவிட்டாள். கண்ணபிரான் அதைக் கவனித்துவிட்டார்.

“டிரைவர் ஒருத்தன் இருந்தான்,” என்றார் அவசரமாக. “போன மாசத்தோட நின்னுட்டான்.”

“பேரென்ன? எந்த ஊரு? கூடச் சம்பளம் தாரேன் தம்பி. வண்டியோட அந்த ஆளையும் எனக்கே குடுத்துருங்க.”

“அந்தப் பேச்சு இப்பம் எதுக்கு அண்ணாச்சி? விடுங்க.”

அண்ணாச்சி அவருடைய கறுத்த முகத்தைப் பார்த்தார். தலைகுனிந்து நின்ற யோகலட்சுமியைப் பார்த்தார். ஏதோ புரிந்துவிட்டவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு டம்ளரை எடுத்தார். செண்பகராஜ் இல்லாத வேலையைத் தேடி வண்டிக்குப் பின்னால் போனான்.

அந்த டிரைவரையும் அவளையும் சேர்த்து அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. கணவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் விலகிவிடும். சொல்வார் என்று காத்திருந்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து வண்டிக்குப் பேர் மாற்றுகிற பாரத்தை எடுத்து வண்டியின் பானட்டில் விரித்தார். பேனாவைத் திறந்து நீட்டினார்.

“இந்தா, பெருக்கல் போட்ட எடத்துல கையெழுத்துப் போடு.”

அவள் பேனாவை வாங்கவில்லை.

“ஏட்டி, உன்னையத்தான். அண்ணாச்சி காத்துக்கிட்டிருக்காங்கல்லா?”

“போட மாட்டேன்.”

அவள் குரல் உயரவில்லை. கண்ணபிரான் அண்ணாச்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“வெளியாளு முன்னால என் மானத்த வாங்காத. புதூர்ப் பந்தியில உன்னால பட்டது போதும்.”

யோகலட்சுமி பாரத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். “போன மாசத்தோட நின்னுட்டான்னு சொன்னீங்களே, நான் எப்பம் நின்னேன்?” என்று கேட்டுவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, கடம்பூர்ல சவாரி காத்துக்கிட்டிருக்கு.”